நாளைய மறதியும் இன்றைய மனிதரும்

முதுமையில் நினைவு தடுமாறும் ஒருவரைக் குறித்து யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் "அறளை பெயர்ந்துவிட்டது" என்பார்கள். அச்சொல்லில் சிறிது ஏளனம் உண்டு. சிறிது பரிவும் உண்டு. ஆயின் முன்னறிவிப்பு மட்டும் அதில் இல்லை. கண்ணெதிரே நிகழ்ந்துவிட்ட ஒரு மாற்றத்துக்கு இடப்பட்ட பெயர் அது. பேரப்பிள்ளையின் பெயரை மறந்து, உண்ட சோற்றை உண்ணவில்லை என்று சாதித்து, சொந்த வளவுக்குள்ளேயே வழி தவறும் முதியவரைக் கண்ட பின்னரே ஊர் அச்சொல்லை எடுத்தாளும். அவர் தெளிந்த அறிவோடு நடமாடிய நாளில் எவரும் அவரை அப்பெயரால் சுட்டியதில்லை. சுட்டுவதற்கு வழியும் இருக்கவில்லை.

இன்று அதற்கு ஒரு வழி பிறந்திருக்கிறது. மறதிநோயின் அறிகுறி ஒன்றேனும் இல்லாத முதியவரின் மூளையைப் படம்பிடித்து, பல ஆண்டுகள் கழித்து அவருக்கு நேரக்கூடியதைப் பற்றி இன்றே ஏதோ ஒன்றைச் சொல்ல விஞ்ஞானம் முற்பட்டுள்ளது. இதனை மருத்துவத் துறையின் வெற்றிச் செய்தி என மட்டும் கொண்டு அப்பாற் செல்வோமாயின், அதனுள் அடங்கியுள்ள அறவியற் பிரச்சினையை நாம் காணத் தவறியவர்களாவோம். நாளை மறக்கக்கூடும் என்பதற்காக ஒருவரை இன்று எவ்வாறு கருதுவது? அந்த அறிவு யாருக்கு உரியது? அதனைப் பெற்றுக்கொண்டவருக்குச் சமுதாயம் எதனைச் செய்யக் கடமைப்பட்டுள்ளது? இவ்வினாக்களுக்கான விடையை வைத்தியர்களிடம் மட்டும் விட்டுவிட முடியாது என்பதே எமது கருத்து.

முதலில் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1901ஆம் ஆண்டின் இறுதியில் ஜேர்மனியின் பிராங்க்பேட் நகர மனநோய் வைத்தியசாலையில் அவுகுஸ்தே டேற்றர் என்னும் 51 வயதுப் பெண்மணி சேர்க்கப்பட்டார். தமது பெயரையே முழுமையாக எழுத முடியாதிருந்த அவரை அலோயிஸ் அல்சைமர் என்னும் வைத்தியர் அருகிருந்து விசாரித்து, அவர் கூறியவற்றையும் கூற முடியாது தவித்தவற்றையும் குறித்துவைத்தார். 1906இல் அப்பெண்மணி காலமானார். அவரது மூளையை நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராய்ந்த அல்சைமர், நரம்புக் கலங்களுக்கு வெளியே ஒருவகைப் படிவுகளையும் கலங்களுக்குள்ளே முறுக்குண்ட இழைகளையும் கண்டார். அவ்வாண்டு நவம்பரில் தியூபிங்கன் நகரில் நடைபெற்ற வைத்தியர் மாநாட்டில் அவர் இதனை எடுத்துரைத்தபோது அவையோர் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 1910இல் கிரெப்பலின் தமது பாடநூலில் இந்நோய்க்கு அல்சைமரின் பெயரைச் சூட்டினார். அன்று காணப்பட்ட படிவுகள் அமிலொயிட் என்னும் புரதத்தாலும், இழைகள் டௌ என்னும் வேறொரு புரதத்தாலும் ஆனவை என்பது பிற்காலத்து அறிவு.

இதன் பின்னர் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு காலம் இந்நோயை ஐயந்திரிபற உறுதிசெய்ய, இறந்தவரின் மூளையைத் திறந்து பார்ப்பதன்றி வேறு வழி இருக்கவில்லை. அவ்வழியை மாற்றியவர்கள் ஐக்கிய அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் கிளங்க், செஸ்டர் மதிஸ் ஆகிய இருவருமாவர். அமிலொயிட் படிவுகளைத் தேடிச்சென்று ஒட்டிக்கொள்ளும் பொருளொன்றை அவர்கள் உருவாக்கினர். கதிர்வீசும் காபன் அணுவைச் சுமந்த அப்பொருளை நாளத்தில் ஏற்றினால், அது மூளையில் எங்கெங்கே தங்குகிறது என்பதைப் பெட் எனப்படும் படக்கருவி காட்டிக்கொடுக்கும். 2002இல் சுவீடனின் உப்சலா நகரில் முதன்முறையாக உயிருள்ள நோயாளி ஒருவரில் இது பரீட்சிக்கப்பட்டது. அக்காபனின் அரைவாழ்வுக் காலம் 20 நிமிடங்களேயாதலால், அதனை உற்பத்தி செய்யும் பெரும் பொறியை அருகிலேயே கொண்டிருந்த சில ஆராய்ச்சி நிலையங்களே இம்முறையைக் கையாள முடிந்தது. அரைவாழ்வுக் காலம் 110 நிமிடங்களான புளோரினைக் கொண்டமைந்த வேறொரு பொருளுக்கு 2012இல் அமெரிக்க அரசு அனுமதி வழங்கியதும், இப்படமுறை ஆராய்ச்சி நிலையத்தின் வாயிலைக் கடந்து வெளியே வந்தது.

இவ்வாறு வெளியே வந்த கருவி முதலில் நோயாளிகளை நோக்கிற்று. பின்னர் நோயற்றோரையும் நோக்கலாயிற்று. 2014இல் ஆரம்பிக்கப்பட்ட 'ஏ4' எனும் மருந்துச் சோதனை இதற்குத் தக்க சான்று. ஐக்கிய அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா, யப்பான் ஆகிய நாடுகளில் நடைபெற்ற அச்சோதனைக்கு 65 முதல் 85 வரை வயதுடைய, நினைவாற்றல் குன்றாத முதியோர் தேடப்பட்டனர். முன்வந்தவர்களில் 4,486 பேரின் மூளை படம்பிடிக்கப்பட்டது. அவர்களுள் 1,323 பேரிடம், அதாவது மூவரில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானோரிடம், அமிலொயிட் மிகுந்திருந்தமை தெரியவந்தது. அச்செய்தி அவர்களிடம் நேரிற் கூறப்பட்டது. காலையில் எழுந்து, கணக்குப் பார்த்து, வாகனம் ஓட்டி, பேரர்களுக்குப் பாடஞ் சொல்லிக்கொடுத்து வாழ்ந்த மனிதர்கள் அவர்கள். அவர்களுள் 1,169 பேர் நான்கரை ஆண்டு காலம் மருந்தையோ மருந்துபோன்ற வெறுந் திரவத்தையோ ஏற்றிக்கொண்டனர். 2023இல் முடிவு வெளியாயிற்று: மருந்து பயன் தரவில்லை. மருந்து போயிற்று, செய்தி மட்டும் அவர்களிடம் எஞ்சியது.

அச்செய்திதான் யாது? "உமக்கு நோய் உண்டு" என்பதா? "உமக்கு நோய் வரக்கூடும்" என்பதா? இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு சொல்வேறுபாடு மட்டுமன்று. ஆச்சரியப்படத்தக்க வகையில், உலகின் தலைசிறந்த நிபுணர்களே இவ்விடத்தில் இரு அணிகளாகப் பிரிந்து நிற்கின்றனர். கிளிஃபர்ட் ஜாக் முதலானோர் 2018இல் ஆராய்ச்சித் தேவைக்காக வகுத்து, 2024இல் மேலும் விரித்த வரையறையின்படி, அல்சைமர் நோய் என்பது மூளையில் நிகழும் ஓர் உயிரியல் மாற்றம். படத்திலோ இரத்தத்திலோ அம்மாற்றம் உறுதிப்படுமாயின், மறதி தோன்றியிராவிடினும் நோய் தொடங்கிவிட்டது. பிரான்சின் புரூனோ துபுவா முதலான மற்றொரு குழுவினர் அதே 2024இல் இதனை மறுத்தனர். அறிகுறியற்ற ஒருவர் நோயாளி அல்லர். அபாயத்துக்கு உட்பட்டவர் மட்டுமே என்பது அவர்களின் வாதம். முதலாம் அணியினரும் அறிகுறியற்றோரைச் சாதாரண வைத்தியத்தில் பரிசோதிக்குமாறு இப்போது பரிந்துரைக்கவில்லை என்பதை நேர்மையோடு குறிப்பிடல் வேண்டும். எனினும் ஒரே படம், ஒரே மூளை, ஒரு மேசையில் அது நோய், மறு மேசையில் அது நோயன்று. ஆகவே நோய் என்னும் பெயரைப் படம் தானாக உச்சரிப்பதில்லை. மனிதர்களே அப்பெயரை இடுகின்றனர் என்பது தெளிவாகின்றது.

படத்துக்கும் மனிதருக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து காட்டிய ஆய்வொன்று உண்டு. 1986இல் டேவிட் சினோடன் என்னும் ஆராய்ச்சியாளர் ஐக்கிய அமெரிக்காவின் நொத்ர டாம் பாடசாலைச் சகோதரிகள் சபையைச் சேர்ந்த கன்னியாஸ்திரிகளிடையே ஓர் ஆய்வைத் தொடங்கினார். 75 வயதைக் கடந்த 678 பேர் அதிற் பங்குகொண்டு, ஆண்டுதோறும் நினைவுப் பரீட்சைகளுக்கு உட்பட்டதோடு, இறந்த பின் தமது மூளையை ஆய்வுக்கு அளிக்கவும் இசைந்தனர். அவர்களுள் பெரும்பாலானோர் ஆசிரியப் பணியில் வாழ்நாளைக் கழித்தவர்கள். சகோதரி மேரி என்று ஆய்வேடுகள் குறிப்பிடுபவர் 84 வயது வரை கற்பித்தவர். 101 வயதில் காலமானவர். இறப்பதற்குச் சிறிது காலத்துக்கு முன்னரும் அவர் பரீட்சைகளில் உயர்ந்த புள்ளிகளைப் பெற்றிருந்தார். ஆனால் அவரது மூளையைத் திறந்து பார்த்தபோது, அல்சைமர் 1906இல் கண்ட அதே படிவுகளும் இழைகளும் அங்கே நிறைந்திருந்தன. அவர் உயிரோடிருந்த காலத்தில் இன்றைய கருவி இருந்து, எவரேனும் அவரைப் படம்பிடித்திருந்தால், அந்தப் படத்தைக் கையில் ஏந்தியவர் அம்மூதாட்டியிடம் என்ன கூறியிருப்பார்?

விதிவிலக்கு ஒன்றைக் காட்டி விதியை மறுக்கலாகாது என்று சிலர் கூறலாம். நியாயமான ஆட்சேபமே. அமிலொயிட் மிகுந்தோர் ஏனையோரிலும் பார்க்க விரைவாக நினைவாற்றல் குன்றுகின்றனர் என்பது 'ஏ4' உட்படப் பல ஆய்வுகளில் வெளிப்பட்ட உண்மை. டௌ புரதமும் சேர்ந்து படத்தில் தோன்றுமாயின் அபாயம் மேலும் பன்மடங்கு உயர்கின்றது. இவற்றை மறைப்பது எமது நோக்கமன்று. ஆயின் அபாயம் என்பதன் அளவை அறிந்தே பேசுதல் வேண்டும். 2018இல் ரொன் புறூக்மேயர் முதலானோர் வெளியிட்ட கணிப்பு ஒன்றின்படி, அமிலொயிட் மட்டும் மிகுந்து, மறதி ஏதுமற்றிருக்கும் 65 வயதுப் பெண்ணொருவருக்குத் தமது எஞ்சிய வாழ்நாளில் அல்சைமர் மறதிநோய் தோன்றுவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 29.3, 90 வயதுப் பெண்ணுக்கோ நூற்றுக்கு 8.4 மட்டுமே. அஃதாவது, அதே படத்தைப் பெற்ற 65 வயதுப் பெண்கள் நூறு பேரில் ஏறக்குறைய எழுபது பேர் மறதிநோய் காணாமலேயே, வேறு காரணங்களால், வாழ்வை முடித்துக்கொள்வர். அவ்வெழுபது பேரையும் 'நோயாளர்' என்று இன்றே அழைப்போமாயின், நாம் நோயைக் கண்டுபிடித்தவர்களாவோமா, நோயாளரை உற்பத்தி செய்தவர்களாவோமா?

கூட்டத்தைப் பற்றிய உண்மை வேறு. கூட்டத்தில் நிற்கும் ஒருவரைப் பற்றிய உண்மை வேறு. நூறு பேரில் முப்பது பேர் என்று கூறும் கணிதம், இந்த ஒருவர் அந்த முப்பதில் ஒருவரா என்று கூறுவதில்லை. ஆனால் செய்தியைக் கேட்பவர் நூறு பேராக வாழ்பவரல்லர், ஒருவராகவே வாழ்பவர். திறப்பை எங்கே வைத்தோம் என்று ஒரு நாள் தேடும்போது, முன்னர் சிரித்துக்கொண்டே தேடியவர் இனிமேல் அஞ்சிக்கொண்டே தேடுவார்.

இங்கே மறுதரப்பின் வாதத்தை அதன் முழு வலிமையோடும் எடுத்துரைத்தல் வேண்டும். அறிவு விடுதலையளிப்பது, அறியாமையைக் கருணை என்று போற்றுவது பழைமைவாதிகளின் பழக்கம் என்பர். 1961இல் ஐக்கிய அமெரிக்காவில் டொனால்ட் ஓக்கன் நடத்திய ஆய்வில், நூற்றுக்குத் தொண்ணூறு வைத்தியர்கள் புற்றுநோயாளரிடம் நோயின் பெயரைக் கூறாதிருப்பதையே விரும்பினர். நோயாளி தாங்கமாட்டார், நம்பிக்கை இழப்பார் என்பது அவர்கள் கூறிய நியாயம். 1979இல் அதே வினா மீண்டும் கேட்கப்பட்டபோது நூற்றுக்கு 97 பேர் கூறுவதையே விரும்பினர். பதினெட்டு ஆண்டுகளில் ஒரு தொழிலின் மனச்சாட்சியே மாறிற்று. நோயாளியைக் குழந்தையாகப் பாவித்த காலம் அவ்வாறு ஒழிந்தது. அதனை மீண்டும் அழைத்துவர எவரும் விரும்பார்.

அன்றியும், இச்செய்தியைக் கேட்டோர் மனமுடைந்து போவர் என்ற அச்சத்துக்கு ஆய்வுகள் ஆதரவளிக்கவில்லை. அல்சைமர் நோயோடு தொடர்புடைய பரம்பரையலகின் முடிவை நோயாளர்களின் பிள்ளைகளிடம் கூறிப்பார்த்த அமெரிக்க ஆய்வு 2009இல் வெளியாயிற்று. குறிப்பிடத்தக்க உளப்பாதிப்பு காணப்படவில்லை. 'ஏ4' சோதனையிலும், அமிலொயிட் மிகுந்தமையை அறிந்தோரிடம் நோயைப் பற்றிய கவலை சிறிது கூடியதேயன்றி, மனச்சோர்வு மேலோங்கவில்லை. மனிதர் நாம் எண்ணுவதிலும் பார்க்க உறுதியானவர்கள். சிலர் செய்தியைக் கேட்டபின் உயில் எழுதலாம். நெடுநாட் பகையைத் தீர்த்துக்கொள்ளலாம். ஒத்திவைத்த பயணத்தை மேற்கொள்ளலாம். தமது வாழ்வை ஒழுங்குசெய்ய விரும்பும் ஒருவரிடமிருந்து அதற்கான அறிவைப் பறித்து வைத்திருக்க எவருக்கு உரிமை உண்டு?

இவ்வாதத்தை நாம் ஏற்கின்றோம். ஏற்றுக்கொண்ட பின்னரும் ஒன்று எஞ்சுகின்றது. அவ்வாய்வுகளிற் பங்குகொண்டோர் தாமாக முன்வந்தவர்கள், மனநிலை பரிசோதிக்கப்பட்டவர்கள், பயிற்சி பெற்றோரால் ஆறுதலாக விளக்கம் அளிக்கப்பட்டவர்கள். அவர்களது உள்ளம் தாங்கியது. ஆனால் செய்தி உள்ளத்துக்குள் மட்டும் தங்கியிருப்பதில்லை. அது ஏட்டில் எழுதப்படுகின்றது; ஏடு கைமாறுகின்றது. 2008இல் ஐக்கிய அமெரிக்கா இயற்றிய சட்டமொன்று, ஒருவரின் பரம்பரையலகுச் செய்தியைக் கொண்டு வேலைகொள்வோரும் நோய்க் காப்புறுதிக் கம்பனிகளும் அவருக்கு எதிராகப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கின்றது. ஆயின் ஆயுட் காப்புறுதிக்கும், முதுமையில் நீண்டகாலப் பராமரிப்புக்கான காப்புறுதிக்கும் அச்சட்டம் பொருந்தாது. மூளைப்படமோ பரம்பரையலகுச் செய்தியே அன்றாதலால், அது அச்சட்டத்தின் பாதுகாப்புக்கு முற்றிலும் வெளியே நிற்கின்றது. எந்தப் பராமரிப்பு தேவைப்படும் என்று படம் முன்னறிவிக்கின்றதோ, அந்தப் பராமரிப்புக்கான காப்புறுதியை மறுப்பதற்கே அதே படம் காரணமாகலாம். அறிவு விடுதலையளிக்கும் என்ற வாக்கியத்தை, யாருடைய கையிலுள்ள அறிவு யாருக்கு விடுதலையளிக்கும் என்று திருத்தி வாசித்தல் இங்கே அவசியமாகின்றது.

முன்னறிவிப்பு ஒன்று அதைச் சுமப்பவரின் நிகழ்காலத்தை எவ்வாறு விழுங்கும் என்பதை அறிய எமது வாசகர்கள் அமெரிக்காவுக்குச் செல்ல வேண்டியதில்லை. சாதகத்தில் செவ்வாய்க் குற்றம் என்று எழுதப்பட்ட பெண்ணை எண்ணிப் பாருங்கள். சாதகம் பொய், மூளைப்படம் பரீட்சித்து அறியத்தக்க விஞ்ஞானம். இரண்டையும் ஒரு தட்டில் வைப்பது அறிவீனம். ஆனால் சமுதாயம் அவ்விரண்டையும் கையாளும் முறை ஒன்றாகிவிடக்கூடும். நடக்காத ஒன்றுக்காக அப்பெண் இன்றே தண்டிக்கப்படுகிறாள். அவள் பேசுமுன் அவளைப் பற்றிய ஏடு பேசிவிடுகின்றது. நாளை, 60 வயது ஆசிரியர் ஒருவர் ஒரு பெயரை மறந்து தடுமாறும்போது சக ஆசிரியர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்களாயின், காணி எழுதும்போது பிள்ளைகள் அவரது கையொப்பத்தை ஐயுறுவார்களாயின், விஞ்ஞானத்தின் உண்மை சாதகத்தின் வேலையைச் செய்கின்றது என்றே கொள்ள வேண்டும். பிழை கருவியில் இல்லை; கருவியை வரவேற்ற சமுதாயத்தில் உள்ளது.

கருவியை விரைந்து பரப்புவதில் வணிகத்துக்குள்ள அக்கறையையும் மறத்தலாகாது. நோய் முற்றுமுன் சிகிச்சை தொடங்கினால்தான் பயன் கிட்டும் என்பது நேர்மையான விஞ்ஞானிகளின் நம்பிக்கை. அதில் நியாயமும் உண்டு. ஆனால் நோயின் வரையறை விரியும்போது சந்தையும் உடன் விரிகின்றது என்பதும் உண்மை. 2021இல் அடுக்கனுமாப் என்னும் மருந்துக்கு, அரசின் சொந்த ஆலோசனைக் குழுவினர் எதிர்த்து வாக்களித்திருந்தும், அமெரிக்காவில் அனுமதி வழங்கப்பட்டது. ஆண்டுக்கு 56,000 டொலர் என விலை குறிக்கப்பட்டது. 2024இல் கம்பனியே அதனைக் கைவிட்டது. 2023இல் அனுமதி பெற்ற லெக்கனெமாப்பின் விலை ஆண்டுக்கு 26,500 டொலர். ஆரம்ப நிலை நோயாளர் 1,795 பேரில் ஒன்றரை ஆண்டு நடந்த சோதனையில், 18 புள்ளி கொண்ட அளவுகோலில் 0.45 புள்ளி அளவுக்கு அது நோயின் போக்கைத் தாமதப்படுத்திற்று. சிலரில் மூளை வீக்கத்தையும் இரத்தக் கசிவையும் விளைவித்தது. ஒரு நூற்றாண்டுக் காத்திருப்பின் பின் கிடைத்த முதற்படி அது. அதனை இகழ்வதற்கில்லை, அதனைக் காட்டி நோயற்ற கோடிக்கணக்கானோரைப் படம்பிடிக்க அழைப்பதற்கும் இல்லை. இது தொலைவான பேச்சுமன்று. அறிகுறியுள்ள 55 வயதுக்கு மேற்பட்டோரில் அமிலொயிட்டை அறிய உதவும் இரத்தப் பரிசோதனை ஒன்றுக்கு 2025 மே மாதத்தில் அமெரிக்கா அனுமதி வழங்கியுள்ளது. பெரும் பொறி செய்த வேலையைச் சிறு குப்பி இரத்தம் செய்யத் தொடங்கியிருக்கிறது.

இனி, யாவற்றுக்கும் அடியிலுள்ள வினாவுக்கு வருவோம். மறதிநோயை ஏனைய நோய்களிலும் பார்க்க நாம் ஏன் அஞ்சுகின்றோம்? உயிரோடிருக்கையிலேயே 'நான்' இல்லாது போய்விடும் என்று கருதுவதாலன்றோ? ஆங்கிலத் தத்துவஞானி ஜோன் லொக் 1694இல் வெளியிட்ட தமது நூலின் இரண்டாம் பதிப்பில், ஒருவரை நேற்றும் இன்றும் ஒரே ஆளாக ஆக்குவது அவரது பிரக்ஞையின் தொடர்ச்சியே, அஃதாவது நினைவே, என்று வாதிட்டார். இக்கோட்பாட்டை ஏற்போமாயின் நினைவிழந்தவர் பழைய மனிதரல்லர். 1785இல் தோமஸ் றீட் இதற்கு ஒரு கதையால் மறுப்புக் கூறினார். பழத்தோட்டத்தில் திருடியதற்காக அடி வாங்கிய சிறுவன் ஒருவன் பின்னர் வீரனாகி எதிரியின் கொடியைக் கைப்பற்றுகிறான், முதுமையில் தளபதியாகின்றான். வீரனுக்கு அடி வாங்கியது நினைவிருந்தது. தளபதிக்குக் கொடியைக் கைப்பற்றியது நினைவிருக்கிறது. அடி வாங்கியதோ முற்றாக மறந்துவிட்டது. லொக்கின் கணக்கில் தளபதியும் வீரனும் ஒருவர்; வீரனும் சிறுவனும் ஒருவர்; தளபதியும் சிறுவனுமோ வெவ்வேறானவர்! நினைவு ஒன்றே மனிதரைத் தாங்கும் தூண் என்போர் இச்சிக்கலிலிருந்து எளிதில் மீள முடியாது.

றீட் தருக்கத்தால் கூறியதை, நோயாளரோடு பழகி அறிந்து கூறியவர் இங்கிலாந்தின் பிறட்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொம் கிற்வூட். 1997இல் வெளியான தமது நூலில் அவர், ஆள் என்ற தகுதி ஒருவரின் மூளைக்குள் பூட்டி வைக்கப்பட்ட சொத்தன்று, பிறர் அவரோடு கொள்ளும் உறவில் வழங்கப்பட்டும் காக்கப்பட்டும் வருவது என்று நிறுவினார். நோயாளியின் முன்னிலையிலேயே அவரைப் பற்றி மூன்றாம் ஆளாகப் பேசுதல், அவசரப்படுத்துதல், பொய் கூறி ஏமாற்றுதல் ஆகியவை நோயிலும் பார்க்க விரைவாக அவரை அழிக்கின்றன என்று காட்டினார். இக்கருத்தின் வெளிச்சத்தில் பார்த்தால், அறிகுறியற்றவரை முன்கூட்டியே மறதிநோயாளர் என்று முத்திரையிடுவதன் கொடுமை விளங்கும். நோய் எடுத்துச் செல்லக்கூடும் என்று அஞ்சும் அந்தத் தகுதியை, நோய் வருமுன்னரே நாம் எடுத்துவிடுகின்றோம். அறிவையும் ஞாபகசக்தியையும் மனித மதிப்பின் அளவுகோலாகக் கொண்டு பழகிய ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நாம் இங்கே எம்மையே விசாரித்துக்கொள்ளல் தகும். பரீட்சையில் மறந்தவனை மட்டமாக எண்ணிய மனமே, முதுமையில் மறந்தவரையும் மனிதரிற் குறைந்தவராக எண்ணுகின்றது.

உறவில் காக்கப்படுவது என்று கூறும்போது, காப்பவர் யார் என்ற வினாவும் எழுகின்றது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2021இல் 5 கோடி 70 இலட்சம் மக்கள் மறதிநோயோடு வாழ்ந்தனர். அவர்களுள் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டோர் எம்மைப் போன்ற தாழ்ந்த, நடுத்தர வருமான நாடுகளில் வாழ்பவர்கள். பராமரிக்கும் மணித்தியாலங்களில் நூற்றுக்கு 70 பெண்களின் உழைப்பு. வேலையை விட்டு வீட்டில் நிற்கும் மகளும், இரவில் உறங்காது விழித்திருக்கும் மனைவியும், கூலியின்றியும் ஓய்வின்றியும் சுமக்கும் மருமகளும் எந்தப் படத்திலும் தோன்றுவதில்லை. படம் ஒருவரின் மண்டையோட்டுக்குள் ஒளிபாய்ச்சுகின்றது. நோயோ ஒரு குடும்பம் முழுவதிலும் நிகழ்கின்றது. எவ்விதப் பராமரிப்பு நிலையமும், பயிற்சி பெற்ற தாதியும், பராமரிப்போருக்கு உதவிப்பணமும் இல்லாத ஊரில் "பத்தாண்டின் பின் உமக்கு மறதி வரக்கூடும்" என்று கூறுவது, ஒரு சமுதாயக் கடனைத் தனிமனிதரின் தலையில் சுமத்தி அனுப்புவதாகும்.

முன்னறிந்து தடுப்பதே எமது உண்மையான நோக்கமெனின், அதற்கு வேறொரு வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது. 'லான்செற்' இதழின் ஆணைக்குழு 2024இல் வெளியிட்ட அறிக்கை, மாற்றியமைக்கத்தக்க 14 காரணிகளைச் சுட்டி, அவற்றை முற்றாக நீக்க முடியுமாயின் உலகின் மறதிநோயில் ஏறக்குறைய நூற்றுக்கு 45 பங்கைத் தடுக்கவோ தாமதப்படுத்தவோ கூடும் எனக் கணித்தது. இளமையிற் கல்வி இன்மை, கேள்விக் குறைபாடு, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைத்தல், மாசுற்ற காற்று, தனிமை என்பன அப்பட்டியலில் அடங்குகின்றன. இவற்றைக் காண மூளையைப் படம்பிடிக்க வேண்டியதில்லை. ஒரு பாடசாலை, ஓர் இரத்த அழுத்தமானி, ஒரு காதுக் கருவி, புகையற்ற ஒரு தெரு ஆகியவை போதும். சகோதரி மேரியின் மூளை அத்தனை படிவுகளையும் தாங்கி நின்றமைக்கு அவர் நெடுங்காலம் கற்றதும் கற்பித்ததும் ஒரு காரணமாகலாம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். அவ்வாறாயின், 1945இல் இலங்கை மக்கள் வென்றெடுத்த இலவசக் கல்வி, எழுத்தறிவுக்கான திட்டமாக இருந்தது போலவே, அப்பரம்பரையின் முதுமையைக் காக்கும் திட்டமாகவும் இருந்தது எனல் மிகையாகாது. தனிமனிதரின் நாளையை முன்னறிய முடியாத கணிதம், மக்கள் கூட்டத்தின் நாளையை நன்கு அறியும். அந்த அறிவின்படி செயற்பட வேண்டியது அரசு.

எமது முடிவு விஞ்ஞானத்துக்கு எதிரானதன்று. ஆராய்ச்சி நடைபெறட்டும், அறிகுறி கண்டவரின் நோயைத் தெளிவாக அறிய இப்படமுறை பயன்படட்டும். அறிய விரும்புபவருக்கு உண்மை முழுமையாகக் கூறப்படுக. அறிய விரும்பாதவரின் மௌனம் மதிக்கப்படுக. கூறும்போது அபாயத்தை அபாயம் என்றே கூறுக. நோய் என்ற சொல்லை நோய்க்கே ஒதுக்கி வைத்திடுக. வேலைகொள்வோரும் காப்புறுதிக் கம்பனிகளும் இப்படங்களைப் பார்க்கத் தடைசெய்யும் சட்டம், படங்கள் பெருகிய பின்னரன்றி, பெருகுமுன் பிறத்தல் வேண்டும். நோயற்ற மக்களைப் பரவலாகப் படம்பிடிக்க விரும்பும் எந்த நாடும், நோயுற்றவரைத் தாங்க எதனைச் செய்துள்ளது என்ற வினாவுக்கு முதலில் விடையளித்தல் வேண்டும்.

நாம் பழைய கிராமத்தைப் பொற்காலமாகக் காட்ட வரவில்லை. அறளை பெயர்ந்தவரைப் பின்னறையில் பூட்டிவைத்த வீடுகளும், கல்லெறிந்து சிரித்த சிறுவர்களும் அங்கே இருந்தனர். எனினும் அச்சொல் தன் முறை வருமளவும் காத்திருந்தது. மனிதர் தெளிவோடிருந்த நாளில் அவரைத் தெளிவுள்ள மனிதராகவே நடக்கவிட்டது. அது அறியாமையால் வந்த பொறுமை. இன்று அறியாமை விலகுகின்றது. இனி அதே பொறுமையை அறிவோடு கடைப்பிடிக்க நாம் பழக வேண்டும். மறதி வந்த நாளிலும் அவரைத் தாங்கும் ஒரு சமுதாயத்தை இன்றே கட்டத் தொடங்க வேண்டும்.